நைட் ஷிஃப்ட் வீட்டில் சுவாஹிலி

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த மொழிக்கும் பஞ்சமில்லை. மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றினால் தெலுங்கு, மலையாளம், இந்தி, நம் தமிழிலேயே ஏழெட்டு மாவட்டத்துத் தமிழ் எல்லாம் காதில் விழும். சுவாஹிலி மட்டும் ஒரே ஒரு குவார்ட்டர்ஸில்தான் பேசப்பட்டது. அதுவும் ஸ்டோர் ரூமுக்குள், அதுவும் கிசுகிசுப்பாக, அதுவும் ஒரே ஆளால். அந்த ஆள் திலகவதி.

அவள் அப்பா அருப்புக்கோட்டையில் மில் பிட்டராக இருந்தவர். தான்சானியாவில் டாங்கா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கற்றாழை நார் உரிக்கிற ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கைக்குழந்தையோடு குடும்பமாகக் கிளம்பிப் போனார். கைக்குழந்தைதான் திலகவதி. வீட்டுக்குள் அம்மாவிடம் தமிழ், வாசலைத் தாண்டினால் சுவாஹிலி என்று வளர்ந்தாள். தமிழில் அவளுக்குச் சொல்லப்பட்டவை எல்லாம் உட்காரு, மெதுவாச் சிரி, அப்பாவைக் கேட்டுக்கோ என்கிற ரகம். கத்தியது, சண்டை போட்டது, மாமரத்தில் ஏறியவனைக் கீழே இறங்கு என்று அதட்டியது எல்லாம் சுவாஹிலியில். பத்தாவது படிக்கிற வயதில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். தமிழ் மட்டும் போதும் என்கிற இடத்துக்கு வந்ததும் அவளுடைய பாதிக் குரல் வேலையில்லாமல் போய்விட்டது.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை அசோக்குமார், பூர்வீகம் சாத்தூர். மைன்ஸில் நிலக்கரியை ஏற்றிப்போகிற பெல்ட் பிரிவில் வேலை, பெர்மனெண்ட். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஜாதகத்தில் இருந்த சில்லறைக் குறைகள் எல்லாம் தாமாகவே நிவர்த்தியாகிவிட்டன. ஆள் தங்கமானவர்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, குரல் உயர்த்தியதுகூடக் கிடையாது. கேட்டதற்கு இல்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

இருபது வருஷம் அந்த வீட்டின் கடிகாரம் ஷிஃப்ட்தான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடியுமுன் சாம்பார், செகண்ட் ஷிஃப்ட் என்றால் மத்தியானச் சாப்பாடு முன்கூட்டியே. நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அசோக்குமார் காலையில் வந்து, குளித்து, இட்லி தின்று படுத்தால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிக்சி ஓடாது, குக்கர் கத்தாது. காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிடுவாள். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை. பிளாக்கில் இருக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். யார் வீட்டு ஜன்னலில் போர்வை தொங்குகிறதோ அந்தப் பக்கம் பந்து போகாது.

இது சும்மா ஆம்பளைக்குக் காட்டுகிற மரியாதை இல்லை. பகலில் சரியாகத் தூங்காதவன் ராத்திரி ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நின்று ஒரு நொடி கண் அசந்தால் கை போய்விடும் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதனால் நைட் ஷிஃப்ட்காரரை எழுப்புவது என்பது இந்த ஊர்ப் பெண்களுக்குப் பாவக் கணக்கில் சேர்ந்த விஷயம். செத்த செய்தி வந்தால்கூட, செத்தவர் தூரத்துச் சொந்தம் என்றால், அவர் தானாக எழுந்த பிறகுதான் சொல்லுவார்கள்.

மகள் ஹரிணி திருச்சியில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு திலகவதிக்குப் பகல் நீண்டுபோனது. ஹரிணிதான் தேடிப் பிடித்து ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். சென்னையில் பிரபாவதி என்பவர் நடத்துகிற சின்ன நிறுவனம். ஆஸ்பத்திரி, உதவி எண் இவற்றுக்கு வேண்டிய வாக்கியங்களைப் பல மொழியில் மாற்றி, பேசிப் பதிவும் செய்து கொடுப்பார்கள். ஆங்கிலத்திலிருந்து சுவாஹிலிக்குப் போட ஆள் கிடைக்காமல் இருந்தவருக்கு நெய்வேலியில் ஒருத்தி இருக்கிறாள் என்றதும் முதலில் நம்பிக்கையே வரவில்லை. பேசிக் காட்டச் சொன்னார். திலகவதி நாலு வாக்கியம் பேசினாள். பேசிவிட்டு ஸ்டோர் ரூமில் அரிசி டிரம் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். துக்கம் ஒன்றும் இல்லை. அவ்வளவு நாளாகக் காணாமல் போயிருந்த குரல் அப்படியே இருந்தது, அதுதான்.

வேலை நன்றாகவே போனது. ஒரு குறை மட்டும் பிரபாவதி அடிக்கடி சொல்லுவார். வார்த்தை எல்லாம் அருமை, ஆனால் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கிறதே, கொஞ்சம் வாய் திறந்து பேசக் கூடாதா என்பார். பக்கத்து அறையில் ஒரு மனிதர் தூங்குகிறார் என்று இவள் எப்படிச் சொல்லுவாள்? மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொள்வாள்.

இந்தப் பங்குனியில் ஒரு கட்டு வாக்கியங்கள் வந்தன. பெண்களுக்கான உதவி எண்ணுக்கு. எடுத்தால் எல்லாம் கொடுப்பதும் அனுமதிப்பதும்தான். அவர் எனக்குப் பணம் கொடுப்பதில்லை. என்னை வெளியே விடுவதில்லை. நான் அனுமதி கொடுக்கவில்லை. என்னைப் போக விடுங்கள். ஆங்கிலக்காரன் கிவ், லெட், அலவ், பெர்மிட், கிராண்ட் என்று வைத்துக்கொண்டு எதை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறான். டாங்காவில் அது நடக்காது. 'குபா' என்றால் கொடுப்பது. ஆனால் வாங்குகிறவரையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார வைத்தாக வேண்டும். யாருக்கு என்று இல்லாமல் கொடுக்க முடியாது. ஆளைச் சொல்லாமல் எடுத்து வெளியே வைப்பதற்கு 'குடோவா' என்று தனிச் சொல். அனுமதியும் அப்படித்தான். ஒருவர் வாய் திறந்து 'போ' என்றால் அது 'ருஹுசு'. வாயே திறக்காமல் பிடியை மட்டும் தளர்த்தினால் அது 'அச்சா'.

'என் கணவர் என்னைப் போக விடுவதில்லை.' இந்த ஒரு வரியில் திலகவதி ரொம்ப நேரம் நின்றாள். அவர் போகாதே என்று சொன்னாரா, பிடியைத் தளர்த்தவில்லையா? எதைப் போடுவது? இரண்டும் இல்லாமல் ஒரு வீடு இருக்க முடியும், யாரும் தடுக்காமலே ஒருத்தி உள்ளேயே இருக்க முடியும், அதற்கு எந்தச் சொல் என்று யோசித்தாள். பிறகு, இது என்ன வேண்டாத யோசனை என்று, 'ருஹுசு'வையே போட்டு அனுப்பினாள்.

தோட்டத்து வேலைக்கு வருகிற கனகம் ஜன்னல் வழியாக இவள் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்மாபுரம் பக்கத்துக்காரி, புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட். என்ன மந்திரம் ஓதுகிறாய் என்று கேட்டாள். கொடுப்பதற்கு அந்த ஊரில் என்ன சொல்வது என்று பார்க்கிறேன் என்றாள் திலகவதி.

"குடுக்கறதுக்கு இவ்ளோ யோசிச்சிகினு இருக்கியேக்கா. எங்கூர்ல நெலத்த குடுத்தோம்னும் சொல்ல மாட்டோம், எடுத்துகினாங்கன்னும் சொல்ல மாட்டோம். மைன்ஸுக்குப் போச்சுன்னுவோம். அவ்ளோதான்" என்றாள் கனகம், பலா மரத்தடிச் சருகைக் கூட்டிக்கொண்டே.

திங்கட்கிழமை பிரபாவதி கூப்பிட்டார். அந்த உதவி எண்ணின் ஆப்பிரிக்க அலுவலகம் தான்சானியாவில், தார் எஸ் சலாமில் இருக்கிறது. மூன்று மாதம் அங்கே உட்கார்ந்து உள்ளூர்ப் பெண்களோடு சேர்ந்து எல்லாப் பதிவுகளையும் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். தங்க இடம், டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்கள் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றார்.

திலகவதியின் காது சூடாகிவிட்டது. தார் எஸ் சலாமிலிருந்து டாங்காவுக்கு பஸ் உண்டு. ஆனால் டாங்காகூட இரண்டாம் பட்சம். மூன்று மாதம், காலையில் எழுந்ததிலிருந்து, முழுக் குரலில் பேசலாம்.  இவ்வளவு பெரிய ஆசை தனக்குள் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

"வீட்ல கேட்டுச் சொல்றேங்க" என்றாள். யோசித்துச் சொன்னதில்லை, தும்மல் வருவது போல அதுவாக வந்தது. இந்த நாட்டில் எந்தப் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற வாக்கியம் அதுதானே.

அன்று ராத்திரி, நைட் ஷிஃப்ட் கிளம்புமுன் அசோக்குமாருக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சுளிக்கவில்லை. அப்படியா, நல்ல விஷயம்தானே என்றார். பாப்போம் என்றார். புதன்கிழமை மறுபடியும் எடுத்தாள். அங்கே வெயில் எப்படி, நம்ம ஊர் மாதிரியா என்று விசாரித்தார். திலகவதிக்கு நெஞ்சு துள்ளியது. போக விடாதவர் வெயிலை ஏன் கேட்கப்போகிறார்? மௌனம் சம்மதம் என்பார்கள், இவர் பேசவே செய்கிறாரே என்று அன்று முழுக்க அந்த வெயிலையே பிடித்துக்கொண்டு திரிந்தாள். ஹரிணியிடம் போனில் சொன்னபோது, அம்மா நீ கிளம்பு, அப்பாவுக்கு நான் சமைக்கச் சொல்லித்தரேன் என்று அவள் சிரித்தாள். மகள் வரம் கொடுத்துவிட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா?

வியாழக்கிழமை ராத்திரி பைக்கை எடுக்கிற நேரத்தில் வாசலில் நின்று கேட்டாள். நாளைக்கு மத்தியானத்துக்குள் சொல்லணும் என்பதையும் சொன்னாள்.

"காலைல வந்து சொல்றேன் திலகா. ஓட்டமா ஓடுறப்ப கேட்டா எப்படி?" என்று சொல்லிக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். ராத்திரி பெல்ட் கிழிந்து, விடிய விடிய நின்று மாற்றியிருக்கிறார்கள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. காதோரத்தில் கழுவியும் போகாத பழுப்புத் தூசி. அரைத் தூக்கத்தில் இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டார். இப்போது கேட்டால் எரிச்சலில் வேண்டாம் என்று வந்துவிடுமோ என்று திலகவதி பயந்தாள். கேட்காவிட்டால் அவராகச் சொல்லுவார் என்றும் நம்பினாள். காலையில் வந்து சொல்கிறேன் என்றவர் காலையில் வந்திருக்கிறார் அல்லவா? அவர் கை கழுவினார். துண்டை வாங்கித் துடைத்தார். போய்ப் படுத்துவிட்டார்.

அவள் காலிங் பெல்லை அணைத்தாள். போர்வையைச் சரியாக இழுத்துவிட்டாள். இருபது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது.

பதினோரு மணிக்குப் போன் அதிர்ந்தது. கொல்லைப்புறம் ஓடி, பலா மரத்தடியில் நின்று பேசினாள். பிரபாவதி அவசரப்படுத்தவில்லை, ஆனால் கறாராகச் சொன்னார். வேறு ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். குஜராத்துக்காரம்மா, சுவாஹிலி பேசுகிற மொம்பாசாவில் பிறந்தவர். பன்னிரண்டுக்கு ஏதாவது ஒரு பெயரை அனுப்பியாக வேண்டும் என்றார். இதோ கேட்டுவிடுகிறேன் என்றாள் திலகவதி. கனகம் குடத்தை வைத்துவிட்டு, என்னவாம் என்றாள். சொன்னதும் சிரித்தாள்.

"நாங்க இதெல்லாம் கேட்டுகினு இருக்க மாட்டோம்க்கா. போயிட்டு வந்து வூட்ல சொல்லுவோம். திட்டுனா திட்டு வாங்கிக்கறது."

சேத்தியாத்தோப்புச் சந்தைக்குப் போய் வருவதும் கடல் தாண்டிப் போவதும் ஒன்றா என்று திலகவதி சுருக்கென்று கேட்டுவிட்டாள்.  கனகம் அவள் பாட்டுக்கு வெண்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

திலகவதி படுக்கையறைக் கதவின் முன் வந்து நின்றாள். உள்ளே ஃபேன் சத்தம், அதற்கு மேல் அவருடைய குறட்டை. கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினால் திறக்கும். கை வரவில்லை. இந்தத் தூக்கத்தைக் கெடுத்து, இன்று ராத்திரி அவர் பெல்ட் பக்கத்தில் நிற்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்? அதுவும் எதற்காக? நான் ஆப்பிரிக்காவுக்குப் போகட்டுமா என்று கேட்பதற்காக.

டாங்காவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் 'ஹோடி' என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து 'கரிபு', வாருங்கள் என்று வந்தால்தான் காலை உள்ளே வைக்கலாம். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் கோபப்படாமல் திரும்பிவிட வேண்டும்; உள்ளே இருப்பவருக்கு இப்போது தோதுப்படவில்லை என்று அர்த்தம். சின்ன வயதில் அம்மா அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்த ஒரே சுவாஹிலி மரியாதை அது.

"ஹோடி" என்றாள் திலகவதி, கதவைப் பார்த்து. மைக்குக்குப் பேசுகிற அதே கிசுகிசுப்பில். பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் உயர்ந்தது. உள்ளே குறட்டை ஒரு கணம் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் புரண்டு படுத்தார் போலும், குறட்டை மறுபடி தொடங்கியது. திலகவதி திரும்பி நடந்தாள். ஒரு தேசத்து மரியாதை எழுப்பாதே என்றது, இன்னொரு தேசத்து மரியாதை திரும்பிப் போ என்றது. நடுவில் இவள் என்ன ஆனாலும் இரண்டுக்கும் கவலையில்லை.

மறுபடி போன் வந்தபோது, இன்னும் கேட்கவில்லை என்றாள்.

 "அவர் இருக்கட்டும் திலகவதி. உங்களுக்குப் போகணுமா?" என்றார் பிரபாவதி.

சுவாஹிலியில் அதற்கு இரண்டே வார்த்தை. நடாகா குவெண்டா, எனக்குப் போகணும். போன வாரம்தான் அதே வரியை உதவி எண்ணுக்காகப் பதிவு செய்திருந்தாள், யாரோ ஒரு முகம் தெரியாத பெண்ணுக்காக. பிரபாவதி தமிழில் கேட்டார். தமிழில் 'எனக்கு' என்று தொடங்கி எதையும் கேட்டுப் பழகாத வாய் திறந்தபடியே நின்றது. அவர் தூங்கறாருங்க என்றுதான் கடைசியில் வெளியே வந்தது. பரவாயில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிப் பிரபாவதி போனை வைத்தார். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இரண்டு மணிக்கு அசோக்குமார் எழுந்தார். நன்றாகத் தூங்கிய முகம், தெளிவாக இருந்தார். சாதத்தைப் பிசைந்துகொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த ஆப்பிரிக்கா விஷயம் யோசிச்சேன். போயிட்டு வாயேன் திலகா. மூணு மாசம்தானே. உன்னை யாரு புடிச்சு வச்சிருக்கா?"

ரசக் கரண்டியை அவள் அப்படியே வைத்துவிட்டாள். அவர் மேல் எரிந்து விழவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. நல்ல மனதோடு, முழு மனதோடு கொடுக்கிறார். கையை நீட்டி வாங்கிக்கொள்ளத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

"அது போச்சுங்க" என்றாள்.

போச்சு என்றால் எப்படிப் போச்சு, யார் விட்டது என்று அவர் கேட்கவில்லை. சரி, இவளே வேண்டாம் என்று முடிவு பண்ணியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினார்.

அடுத்த வாரம் அசோக்குமாரின் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அருண்குமாரும் அவன் மனைவி சங்கீதாவும் விருந்துக்கு வந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம். பக்கத்து பிளாக்கில்தான் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. பேச்சு எங்கெங்கோ போய்த் திலகவதியின் வேலையில் வந்து நின்றது. அசோக்குமாருக்கு உண்மையிலேயே பெருமை. ஆப்பிரிக்காவுக்கே கூப்பிட்டாங்கப்பா இவளை என்றார். நான் போயிட்டு வான்னுதான் சொன்னேன், இவதான் போகலை என்றார். இந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே பிளாக்கில் நாலு பேரிடம் சொல்லியிருந்தார். பொய் என்று ஒரு எழுத்தைக்கூடப் பிடுங்க முடியாது. 

பாயசக் கிண்ணத்தோடு வந்த திலகவதி நின்றாள். "பன்னெண்டு மணிக்குள்ள சொல்ல வேண்டியது. இவங்க ரெண்டு மணிக்குச் சொன்னாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கினாங்க, நான் எழுப்பலை" என்றாள்.

அசோக்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, கேலி இல்லை. ஒன்றும் புரியாத முகம். "எழுப்பியிருக்கலாமே திலகா" என்றார்.

அருண்குமார் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டான். எவ்வளவு பெரிய வாய்ப்பு, அதுக்காகக்கூட அண்ணனை எழுப்பலையே அண்ணி, உங்களை மாதிரி வருமா என்றான். மனைவி பக்கம் திரும்பி, கேட்டுக்கிட்டியா, அண்ணிகிட்டக் கத்துக்கோ, அடுத்த வாரம் எனக்கும் நைட் ஷிஃப்ட் என்று சிரித்தான். அசோக்குமாரும் மெல்லச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்துபோனது. விட்டதையே பரிசாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கக்கூட வழியில்லை.

தட்டுகளை எடுத்துக்கொண்டு சங்கீதா பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். குழாயடியில் அவற்றை வைத்தாள். பிறகு கூடத்தில் கேட்காத குரலில், "எழுப்பினா ரொம்பத் திட்டுவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

 திலகவதி இருபது வருஷத்தைப் புரட்டிப் பார்த்தாள், ஒரு நாளாவது கிடைக்கிறதா என்று.

"தெரியலம்மா" என்றாள். "நான் எழுப்பிப் பாத்ததே இல்லை."